போர்னைட்

போர்னைட் என்ற செம்புத்தாதுவுக்கு ஆங்கிலத்தில் 'மயில் தாது' என்ற செல்லப்பெயர் உண்டு. ஜெர்மானியச் சுரங்கத்தார் 'பலநிறச் செம்புத்தாது' என்றே அழைத்தார்கள். இப்போதைய பெயரோ ஓர் ஆளின் பெயர்: திரான்சில்வேனியாவில் பிறந்த கனிமவியலாளர் இக்னாஸ் ஃபொன் போர்ன் (1742–1791). அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1845இல், ஹைடிங்கர் என்ற கனிமவியலாளர் சூட்டியது. மயிலை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்ததில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

உடைத்த புதிதில் இது வெண்கலப் பழுப்பு. காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய படலம் படர்ந்து ஊதா, நீலம், பச்சை என மின்னும். மழைநீரில் டீசல் சிந்தினால் தெரியுமே, அந்த வித்தைதான். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த தாது. எடையில் சுமார் 63% செம்பு. பரவலாகக் கிடைக்கும் இன்னொரு செம்புத்தாதான சால்கோபைரைட்டில் 35 சதவீதம்கூடத் தேறாது. ஆகவே உருக்குவோருக்கு இது கொழுத்த தாது. அலங்காரக் கடைகளில் 'மயில் தாது' என்று விற்பது பெரும்பாலும் அமிலம் பூசி நிறமேற்றிய சால்கோபைரைட்.

நம் மயில்துத்தம் வேறு. அது செம்பு சல்பேட். சுண்ணாம்போடு கலந்தால் போர்டோ கலவை, பயிர்ப் பூஞ்சைக்கு மருந்து. இரண்டிலும் செம்பு, இரண்டிலும் மயில்; அவ்வளவே உறவு.