சிறு கொல்லைப்புறத்திற்கான மரத்தேர்வு

சிறு கொல்லைப்புறத்திற்கான மரத்தேர்வு என்பது, புறநகர் வீட்டு மனையில் வீடு போக எஞ்சும் குறுகிய இடத்திற்கு ஏற்ற மரத்தை, அதன் முதிர்ந்த அளவைக் கொண்டு தேர்ந்தெடுப்பதாகும். சென்னைப் புறநகரில் மனையை அளக்கப் பயன்படும் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி ஆகும். அதில் கொல்லைப்புறம் பெரும்பாலும் சில மீட்டர் அகலமே உடையது.

அளவு

நாற்றங்காலில் கன்றுகள் பலவும் ஒரே உயரமாகத் தோன்றும். ஆனால் வேம்பு 15 முதல் 20 மீட்டர் வரை உயரக்கூடியது. தூங்குமூஞ்சி மரத்தின் கவிகை 30 மீட்டர் வரை விரியக்கூடும். இத்தகைய மரங்களின் உச்சியை வெட்டிக் குட்டையாக்கினால் வெட்டுவாய் அழுகும். அங்கு தோன்றும் புதுக்கிளைகள் பிடிப்பின்றி எளிதில் முறியும்.

வேர்

வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், கவிகையின் எல்லையைத் தாண்டியும் பரவுகிறது. பழுதற்ற குழாய்களை வேர்கள் அரிதாகவே துளைக்கின்றன; கசியும் இணைப்புகளின் வழியே ஈரம் நாடி நுழைகின்றன. ஆல், அரசு ஆகியவை சுவர் வெடிப்புகளிலும் வேரூன்றுவதால் வீட்டருகே ஏற்றவை அல்ல.

காற்று

2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. முருங்கையின் கிளைகள் எளிதில் முறிபவை. எனவே அதனை ஆண்டுதோறும் கவாத்து செய்து தாழ்வாக வளர்த்தல் நன்று.

ஏற்ற மரங்கள்

கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, கொய்யா, பவழமல்லி ஆகியவை பொதுவாக 10 மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. கறிவேப்பிலை 4 முதல் 6 மீட்டர் வரையே வளரும்.

நடும் இடம்

சுவருக்கும் கன்றுக்கும் இடையே, முதிர்ந்த கவிகையின் அகலத்தில் பாதியளவாவது இடைவெளி விடுதல் வேண்டும். மேலே செல்லும் மின்கம்பிகளையும் அண்டை வீட்டு எல்லையையும் நடுவதற்கு முன்பே கருத்தில் கொள்ள வேண்டும். இடத்திற்குப் பொருந்தாத மரம், நன்கு நிழல் தரும் பருவத்தில் வெட்டப்பட நேரிடும்.