சங்கக் கோப்புகளுக்கு வேறோர் ஊரில் காப்பு நகல்: பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கு, மரண சகாய நிதிச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட தோட்டத்தின் பழைய படங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன் நகல்கள். இவையெல்லாம் பல இடங்களில் செயலாளரின் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. காப்பு நகல் எங்கே என்று கேட்டால், அதே மேசை இழுப்பறையில் உள்ள பென் டிரைவைக் காட்டுவார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது போன்ற வெள்ளம் வந்தால் கணினியும் இழுப்பறையும் சேர்ந்தே மூழ்கும். கணக்கை மீண்டும் எழுதிவிடலாம். இடித்துத் தள்ளப்பட்ட தோட்டத்து லயத்தை மீண்டும் படம் பிடிக்க முடியாது.

எனவேதான் கணினித் துறையில் 3-2-1 என்ற விதியைச் சொல்வார்கள். கோப்புக்கு 3 நகல்கள், 2 வகைச் சேமிப்பு, அவற்றில் 1 வேறிடத்தில். ஆலய அலுவலகத்திலிருந்து பொருளாளர் வீட்டுக் கணினிக்கு இணையம் வழி நகல் எடுப்பது, அந்த வேறிடத்து நகலுக்கு நல்ல வழி. ஆனால் பாதுகாப்பில்லாமல் செய்தால், உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களை நாமே தெருவில் வைத்ததாகிவிடும். மைகார்ட் எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

இரு கணினிகளிலும் ஒரே அடைவு எப்போதும் ஒத்திருக்கும்படி வைப்பது ஒத்திசைவு. இங்கே ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். 2017 மே மாதம் பல நாடுகளில் பரவிய வான்னாகிரை போன்ற பிணைப்பண வைரஸ் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே நகலாகவும் போய்ச் சேரும். காப்பு என்றால் நேற்று, போன வாரம், போன மாதம் எனப் பழைய பதிப்புகளும் இருக்க வேண்டும்.

பாதையைப் பாதுகாப்பது

பழைய எஃப்டிபி முறையில் கடவுச்சொல்லும் கோப்பும் திறந்த கடிதம் போலச் செல்லும். அதைத் தவிர்த்துவிடுங்கள். 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்எஸ்எச், இரு கணினிகளுக்கும் இடையில் செல்லும் அனைத்தையும் மறையாக்கம் செய்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இது ஏற்கெனவே உண்டு. விண்டோஸ் 10, 11இல் கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் முறை இணைக்கும்போது எதிர்க் கணினியின் கைரேகை போன்ற ஒரு நீண்ட குறியீடு திரையில் தோன்றும். பலர் பார்க்காமலே சரி என்று அழுத்திவிடுவார்கள். அந்தக் கணினி அருகில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, குறியீடு ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் வேறொருவர் நுழையவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி

எஸ்எஸ்எச்சில் ஒரு சாவி இணையை உருவாக்கலாம். தனிச்சாவி வீட்டுக் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. பொதுச்சாவியை மட்டும் அலுவலகக் கணினியில் பதிய வேண்டும். சாவி வேலை செய்வதை உறுதி செய்த பிறகு, கடவுச்சொல் மூலம் நுழையும் வசதியை நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22ஆம் எண் வாயிலை இணையத்துக்குத் திறந்து வைத்தால், தானியங்கி நிரல்கள் இரவு பகலாகக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். வாயிலைத் திறக்காமலே இரு கணினிகளையும் இணைக்க வயர்கார்ட், டெயில்ஸ்கேல் போன்ற தனிவலை மென்பொருள்கள் உதவும். வீட்டு இணைய முகவரி அடிக்கடி மாறினாலும் டெயில்ஸ்கேல் சமாளித்துக்கொள்ளும்.

அனுப்புவதா, எடுப்பதா?

பலர் கவனிக்காத இடம் இது. அலுவலகக் கணினி நகலை அனுப்பும்படி அமைத்தால், வீட்டு நகலை அழிக்கும் அதிகாரமும் அதனிடம் இருக்கக்கூடும். அலுவலகத்தில் வைரஸ் புகுந்தால் இரண்டும் போய்விடும். மாறாக, வீட்டுக் கணினியே வந்து எடுத்துச் செல்லும்படி அமையுங்கள். அதன் சாவிக்குக் குறிப்பிட்ட அடைவைப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அப்போது வீட்டுக் கணினி களவு போனாலும் அலுவலகக் கோப்புகளை யாரும் மாற்ற முடியாது. களவு போனதும் அந்தப் பொதுச்சாவியை நீக்கிவிட்டால் படிக்கவும் முடியாது.

இதற்கு 1996 முதல் புழக்கத்தில் உள்ள ஆர்சிங்க் என்ற இலவச நிரல் ஏற்றது. மாறிய பகுதியை மட்டுமே அனுப்புவதால் தினசரி நகல் விரைவில் முடியும். முதல் நகல்தான் பெரிது. 20 கிகாபைட் கோப்புகளை விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். முதல் முறை மட்டும் வெளி வன்தட்டில் கொண்டுபோவது எளிது.

நகலையும் பூட்டுங்கள்

எஸ்எஸ்எச் வழியில் மட்டுமே காக்கும். போய்ச் சேர்ந்த கோப்பு அங்கே திறந்தே இருக்கும். எனவே வீட்டுக் கணினியின் வன்தட்டை மறையாக்கம் செய்யுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் உண்டு, வெராகிரிப்ட் இலவசம். ஆனால் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது வன்தட்டு திறந்த நிலையில்தான் இருக்கும். நகல் வைத்திருப்பவரும் படிக்கக் கூடாது என்றால், அலுவலகத்திலேயே மறையாக்கம் செய்த பிறகு நகல் எடுக்கும் ரெஸ்டிக் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். இதில் கடவுச்சொல் தொலைந்தால் கோப்புகளும் தொலைந்தவைதான். அதைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, இரு பொறுப்பாளர்கள் தனித்தனி இடங்களில் வைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு சோதனை

மாதத்தில் ஒரு நாள், ஏதேனும் ஒரு பழைய கோப்பை நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. வட்டில் இடம் நிறைந்து, பல மாதங்களாக நகல் எடுக்கப்படாமலே இருப்பது உண்டு.

ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறினால், முந்தைய பொறுப்பாளர் கணினியின் சாவியை அன்றே நீக்கிப் புதியதைப் பதியுங்கள். அவரிடம் உள்ள நகலை என்ன செய்வது என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஆலயச் சாவிக்கொத்தைக் கைமாற்றும்போது செய்வதைப் போலத்தான் இதுவும். இதில் சந்தேகப்படுவதற்கோ மனவருத்தத்திற்கோ இடமில்லை. முறையாகக் கணக்கை ஒப்படைப்பதன் ஒரு பகுதி இது.