ஸ்கூடாயில் ஒரு பொறியியல் வகுப்பு

1904ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றிய தொழில்நுட்பப் பள்ளியின் நோக்கம் குறுகியது: ஆங்கில ஆட்சியின் பொதுப்பணி முதலிய துறைகளுக்கு உதவியாளரைப் பயிற்றுதல். சாலை யாருக்காக என்று வினவுவது அவர்தம் பணியன்று. அப்பள்ளியே வளர்ந்து 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும், 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் ஆகி, பின்னர் நம் ஜொகூரின் ஸ்கூடாயில் நிலைகொண்டது. பெயர் மாறிய விரைவில் பாடமுறை மாறவில்லை என்பதே என் கருத்து.

மாற்றத்திற்கு உழைத்தவர்களுள் வேதிப்பொறியியல் பேராசிரியர் கைரியா முகமது யூசோப் குறிப்பிடத்தக்கவர். அவர் வளர்த்தெடுத்த கூட்டுறவுச் சிக்கல்வழிக் கற்றலில், விரிவுரைக்கு முன்பே சிக்கல் வந்து நிற்கும். முதலாண்டு மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து, தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்தெழுதுவர். பின்னர் ஒவ்வொருவரும் தாம் கற்றதை மற்றவர்க்குக் கற்பிப்பர். நிலைபேறான வளர்ச்சி குறித்த வினாவாயின், வேதியியலோடு செலவும் சட்டமும் மக்கள் பழக்கமும் கணக்கினுள் நுழைந்துவிடும். அத்தகைய குழு தடுமாறுவது சூத்திரத்தால் மட்டுமன்று, சொல்லாலும்தான்.

2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பியம் பெற்றது. அவ்வுடன்படிக்கை வகுத்த பட்டதாரித் தகுதிகளின் பட்டியலில் அறநெறியும் கருத்துப் பரிமாற்றமும் உள்ளன. எஸ்.பி.எம். தேர்வில் தமிழைச் சுமையெனக் கைவிடும் அறிவியல் மாணவர் நம்மிடையே பலர். அவர்தம் பெற்றோர்க்கு இப்பட்டியலை நாம் காட்டியதில்லை.