கில்லெஸ்பிக்கு எத்தனை கல்? - வேலூரிலிருந்து கலங்கா வரை

டேராடூனில் சகஸ்திரதாரா போகும் சாலையில், ரிஸ்பனா ஆற்றை ஒட்டி இரண்டு வெள்ளைத் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மேலே போகப் போகக் குறுகும் ஊசித் தூண்கள். ஒன்று, 1814இல் கலங்கா கோட்டைப் போரில் இறந்த ஆங்கிலேயத் தளபதிக்கும் அவரோடு விழுந்தவர்களுக்கும். இன்னொன்று யாருக்குத் தெரியுமா? அவர்களை எதிர்த்து நின்ற கூர்க்கா படைக்கு! இரண்டையும் வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான்.

அந்தத் தளபதியின் பெயர் மேஜர் ஜெனரல் ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி. வேலூர்க் கோட்டையின் கதை படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். 1806 சிப்பாய் எழுச்சியை அடக்கிய அதே ஆள்தான்.

கில்லெஸ்பி 1766இல் அயர்லாந்தின் கோம்பர் என்ற சிற்றூரில் பிறந்தவர். 17 வயதில் குதிரைப்படையில் சேர்ந்தார். ஒரு துவந்த யுத்தத்தில் எதிராளியைக் கொன்று, வழக்கைச் சந்தித்து, விடுதலையானார். பிறகு கரீபியன் தீவுகளில் சண்டை. இந்தியாவுக்கு வந்து, 1806இல் 19ஆவது குதிரைப்படையோடு ஆற்காட்டில் இருந்தார்.

அந்த வருடம் வேலூரில் நடந்தது நமக்குத் தெரியும். நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியைத் திருத்து, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர் தூரம். சேதி கிடைத்ததும் கில்லெஸ்பி பீரங்கி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சில வீரர்களோடு முன்னால் பாய்ந்து வந்தார். மதில் மேல் தப்பிப் பிழைத்திருந்த வெள்ளைச் சிப்பாய்கள் தங்கள் இடுப்புப் பட்டைகளை முடிந்து கீழே விட, அதைப் பிடித்து ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவை உடைத்தன, குதிரைப்படை உள்ளே புகுந்தது. அதில் மதராஸ் குதிரைப்படையின் இந்திய வீரர்களும் உண்டு. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேர் வரை இழுத்து வரப்பட்டு, சுவர் ஓரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணை எல்லாம் கிடையாது. மொத்தமாக இறந்த சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அதற்குப் பிறகு கில்லெஸ்பிக்கு ஏறுமுகம்தான். 1811இல் ஜாவாவை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த போர், 1812இல் யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனையைத் தகர்த்த தாக்குதல், கூடவே மேஜர் ஜெனரல் பதவி.

1814இல் நேபாளப் போர் வந்தது. டேராடூன் பக்கம் நாலாபானி மலை மேல் கலங்கா என்ற சின்னக் கோட்டை. உள்ளே பலபத்ர குன்வர் தலைமையில், பெண்கள் குழந்தைகளையும் சேர்த்து சுமார் 600 பேர். அக்டோபர் 31 அன்று பல பக்கங்களிலிருந்து ஒரே நேரத்தில் தாக்கத் திட்டம். ஆனால் சைகை எல்லாப் பிரிவுகளுக்கும் எட்டவில்லை. கில்லெஸ்பி பொறுக்கவில்லை. கையிலிருந்த ஆட்களை நடத்திக்கொண்டு தானே கதவை நோக்கிப் போனார். குண்டு பாய்ந்து அங்கேயே இறந்தார். வேலூரில் பலித்த அவசரம் இங்கே பலிக்கவில்லை.

கோட்டை நவம்பர் இறுதிவரை தாக்குப்பிடித்தது. தண்ணீர் வரும் வழியை அடைத்து, பீரங்கியால் இடித்த பிறகுதான் பலபத்ரர் மிச்சமிருந்த சுமார் 70 பேரோடு இரவில் வெளியேறினார்.

கில்லெஸ்பியின் உடல் மீரட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை மேல் ஒரு தூண். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் சிற்பி சான்ட்ரி செய்த சிலை. சொந்த ஊர் கோம்பரில் 1845இல் 55 அடி உயர நினைவுத் தூண். அதோடு டேராடூன். எண்ணிப் பாருங்கள், ஒரே ஆளுக்கு நாலு இடத்தில் கல்.

சரி, அந்த இரண்டாவது தூண்? வீரத்தை மதிக்கும் பெருந்தன்மை என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கூடவே இதையும் பார்க்க வேண்டும்: 1815லேயே கம்பெனி கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. நேற்றைய எதிரி இன்றைய சிப்பாய். அவன் வீரத்தைக் கல்லில் பொறிப்பது ஆட்சிக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை.

வேலூர்ச் சிப்பாய்கள் வேறு மாதிரி. அவர்கள் எதிரிகள் இல்லை, கம்பெனியின் சொந்த ஆட்கள், கம்பெனிச் சம்பளம் வாங்கியவர்கள். எதிரி சண்டை போட்டால் வீரன், வேலைக்காரன் "முடியாது" என்றால் துரோகி. அவர்களுடைய படைப்பிரிவுகளே கலைக்கப்பட்டன. இத்தனைக்கும் அவர்கள் கேட்டது கிடைத்தது! தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கோரிக்கை சரிதான் என்று நடைமுறையில் ஒப்புக்கொண்ட ஆட்சி, கேட்டவர்களுக்கு ஒரு கல் கூட வைக்கவில்லை.

இன்று வேலூரில் நினைவுத் தூண் இருக்கிறது. 2006இல், இருநூறாவது ஆண்டில், தபால்தலையும் வந்தது. இரண்டுமே சுதந்திர இந்தியா செய்தவை. ஆனால் சுவர் ஓரம் சுடப்பட்ட அந்த நூறு பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கில்லெஸ்பியின் பெயரை மட்டும் எல்லாப் பாடப்புத்தகமும் தவறாமல் சொல்கிறது.