முதியோர் பணமும் அப்பத்தாவின் பிராதும்

எங்க உசிலம்பட்டி பக்கம் இதுக்குப் பேரு "முதியோர் பணம்". முன்னாடியெல்லாம் போஸ்ட்மேன் மணியார்டரா கொண்டு வந்து குடுப்பார். அந்தப் பணத்துக்கு ஒரு பெரிய வரலாறு இருக்குங்க.

இந்த மாதிரி ஒரு பென்ஷனை உத்தரப் பிரதேசம் 1957லேயே ஆரம்பிச்சிடுச்சு. நம்ம மாநிலத்துல 1962 ஏப்ரல் 1ல் வந்தது. அப்போ முதல்வர் காமராஜர். மாசம் 20 ரூபாய். 1983ல் எம்ஜிஆர் ஆட்சியில சத்துணவும் இவங்களுக்குக் கிடைச்சது. பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே அடுப்புச் சோறு! 2011ல் தொகை 1000 ரூபாய், 2023 ஆகஸ்டில் 1200. இதுல மத்திய அரசு பங்கு 2007ல் 200 ரூபாய். 2023லயும் அதே 200தான் (80 வயசு தாண்டினவங்களுக்கு மட்டும் 500). நாமெல்லாம் ஒரு வருஷம் இன்க்ரிமென்ட் கொறஞ்சாலே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறோம்.

தொகையை விட எனக்கு உறுத்துறது "ஆதரவற்றவர்"ங்கற சொல். விஏஓ விசாரிக்க வந்தா, என்னைக் காப்பாத்த ஆள் இல்லைன்னு சொல்லணும். சம்பாதிக்கிற மகன் இருந்தா? அவர் பார்த்துக்கணும்ங்கறது அரசாங்கத்தோட கணக்கு. பார்க்கலேன்னா, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்திருக்கு. ஆர்டிஓ தலைமையில தீர்ப்பாயம், மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் ஜீவனாம்சம். ப்ரோக்ராமர் கண்ணுக்கு அழகான இஃப்-எல்ஸ்.

ஆனா எங்க தெரு அப்பத்தா ஒருத்தங்ககிட்ட இதைச் சொன்னப்ப, "எம்மகன் மேல நானே பிராது குடுக்கவா?"ன்னு கேட்டாங்க. பிள்ளை சோறு போடலைன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்ல மாட்டாங்க. எனக்கு யாருமில்லைன்னு விஏஓகிட்டயும் சொல்ல மாட்டாங்க, மகன் உயிரோட இருக்கும்போது அப்படிச் சொல்ல எந்தத் தாய்க்கு நாக்கு வரும்? ஆக, ரெண்டு பக்கமும் அவங்க பேரு இல்லை. இஃப்லயும் சேராம எல்ஸ்லயும் சேராம எத்தனை பேரோ.

சட்டத்தை முழுசா உக்காந்து படிச்சேன். பிள்ளைக்கு எழுதிக்குடுத்த சொத்தைத் திரும்ப வாங்க வழி சொல்ற பிரிவு 23 பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. எனக்குப் பிடிச்சது பிரிவு 5. தானே மனு குடுக்க முடியாதவங்களுக்காக, அவங்க ஒப்புதலோட வேற ஒருத்தரோ ஒரு அமைப்போ குடுக்கலாம். யாருமே குடுக்கலேன்னாலும் தீர்ப்பாயம் தானா முன்வந்து விசாரிக்கலாம். அப்பத்தா வாயைத் திறக்கவே வேண்டாம். முதியோர் உதவி எண் 14567, பக்கத்து வீட்டுக்காரங்களும் கூப்பிடலாம்.