கருவிழியின் விளிம்பு

சப்பிரகமுவ இறப்பர்த் தோட்டங்களை அறிந்தார்க்கு, பாலை உறையவைக்கும் போமிக் அமிலத்தின் கொடுமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு துளி கண்ணில் தெறித்தாற் போதும். வெற்றிலைச் சுண்ணாம்போ அதனினும் பொல்லாதது. அமிலத்தால் ஒரு கண் இழந்த தொழிலாளி ஒருவர், "நம் நாட்டிலேதான் கண்தானம் நடக்கிறதே மாஸ்டர், எனக்கு ஒன்று வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். அன்று யான் விடையறியேன்.

கேள்வி நியாயமானதே. 1905ஆம் ஆண்டு, இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலொமூட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்னும் மருத்துவர் சுண்ணாம்பால் வெந்த கண்ணிலேயே பிறரது கருவிழிப் படலத்தைப் பொருத்தி முதல் வெற்றி கண்டார். இலங்கையில் வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் இத்தீவின் கண்கள் சிங்கப்பூருக்கும் சென்றன.

ஆயினும், கடுமையாக வெந்த கண்களிற் பொருத்திய படலம் பெரும்பாலும் மீண்டும் மங்கியது. காரணம் யாது? படலத்தின் மேற்றோல் நாடோறும் தேய்ந்து உதிர்வது. அதனைப் புதுப்பிக்கும் மூலக்கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், கருவிழியும் வெண்விழியும் கூடும் மெல்லிய விளிம்பில் உறைகின்றன. 1980களின் ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. கவாத்து வெட்டிய தேயிலை மீண்டும் துளிர்க்கும். வேர் வெந்தது துளிர்க்குமோ? விளிம்பு வெந்த கண்ணில் வெண்விழித் தோலும் இரத்த நாளங்களும் படர்ந்து பார்வையை மறைக்கும்.

1997இல் இத்தாலியில் பெலெக்ரீனியும் டி லூக்காவும் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துணுக்கெடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்து, வெந்த கண்ணிற் பொருத்தினர். 2015இல் அம்முறை ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. செலவோ ஏழைக்கு எட்டாதது. ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தாரும் 2001 தொட்டு இவ்வாறே வளர்த்துப் பொருத்தினர். பின்னர் ஆய்வுகூடத்தையே விட்டொழித்தனர்! சங்வான் குழுவினர் 2012இல் வெளியிட்ட முறைப்படி, துணுக்கைப் பல கூறாக்கி, வெந்த கண்மீது விரித்த பனிக்குடச் சவ்வில் பதிப்பர். கலங்கள் அங்கேயே பெருகிப் படரும். ஒரே சத்திரசிகிச்சையில் வேலை முடியும். முன்னைய பெருஞ்செலவு முறைகளினும் இதனையே யான் பெரிதும் மதிப்பேன்.

இரு கண்களும் வெந்தார்க்கு இவ்வழி இல்லை. உறவினர் விளிம்பைப் பெறலாம். ஆனால் உடல் அதனை ஒதுக்காதிருக்க நெடுங்காலம் மருந்துண்ண வேண்டும்.

இவற்றையெல்லாம் அத்தொழிலாளிக்கு அண்மையில் விளக்கினேன். அவர் தம் நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, "இதையும் வெட்டுவார்களா?" என்றார். எள்ளளவுதான் என்றேன். கையை எடுக்கச் சிறிது நேரம் சென்றது.