மலாயாவில் யாழ்ப்பாணத்தவர்: வசதியும் அதன் விலையும்

‘மலாயன் பென்சனியர்’ என்னும் தொடர் யாழ்ப்பாணக் கிராமங்களிலே நெடுங்காலம் வழங்கியதொன்றாகும். கல்வீடு, மாதந்தவறாத ஓய்வூதியம், ஊரிலே தனி மதிப்பு ஆகியவற்றை அது ஒருங்கே நினைவூட்டிற்று. பிறநாட்டு வாழ்வு தந்த பயனை இத்தொடர் காட்டுகின்றது. அதற்குக் கொடுத்த விலையைக் காட்டுவதில்லை. அவ்விரண்டையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்திலே தமது பணியைத் தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். ஏனைய மிசன் பாடசாலைகளும், பின்னர் சைவர் தாமே தொடங்கிய ஆங்கிலப் பாடசாலைகளும் ஆங்கிலங் கற்ற இளைஞரின் தொகையைப் பெருக்கின. துண்டு துண்டாகப் பிரிந்த காணிகளோ, உள்ளூர் உத்தியோகங்களோ அவர்கள் அனைவருக்கும் போதவில்லை. இதே காலத்தில், 1874 ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின் பின், மலாய் அரசுகளிலே பிரித்தானியர் ஆதிக்கம் விரிந்தது. வெள்ளீயத்தை ஏற்றுமதி செய்யப் புகையிரதப் பாதைகள் தேவைப்பட்டன. அவற்றுள் முதலாவது, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885 இல் திறக்கப்பட்டது. இலிகிதர், நிலைய அதிபர், நில அளவை உத்தியோகத்தர், மருத்துவ உதவியாளர் எனப் பல பதவிகளுக்கு ஆங்கிலம் அறிந்தோர் வேண்டப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர்.

அங்கு நிலையான சம்பளமும் அரசாங்க விடுதியும் முதுமைக்கு ஓய்வூதியமும் கிடைத்தன. தனிமையைப் போக்கக் கோயில்களும் சங்கங்களும் எழுந்தன. கோலாலம்பூரின் பிறிக்பீல்ட்ஸ் பகுதியிலே 1904 இல் விவேகானந்த ஆச்சிரமம் உருவாயிற்று; 1910 இல் சிங்கப்பூரிலே இலங்கைத் தமிழர் சங்கம் தோன்றிற்று. அனுப்பப்பட்ட காசு ஊரிலே வீடாகவும் காணியாகவும் சீதனமாகவும் கோயிற் திருப்பணியாகவும் உருமாறியது.

எனினும் இவ்வசதிக்கு ஓர் எல்லை இருந்தது. கூட்டு மலாய் நாடுகளின் உயர் நிருவாக சேவை, 1904 முதல், தாய் தந்தை இருவழியாலும் ஐரோப்பிய வம்சத்தினராய் இருந்தோர்க்கே உரியதாக்கப்பட்டது. இலிகிதர் எத்துணைத் திறமையுடையவராயினும் இலிகிதராகவே இருக்க வேண்டியவரானார். 1930 களின் பொருளாதார மந்தத்திலே ஆட்குறைப்பும் நேர்ந்தது.

இன்னுமொன்றை நாம் மறைத்தல் தகாது. இறப்பர்த் தோட்டங்களில் உழைத்தோரிற் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த தமிழர். மொழியும் வழிபாடும் ஒன்றாயிருந்தும், விடுதியில் வாழ்ந்த உத்தியோகத்தருக்கும் ‘லயன்’களில் வாழ்ந்த தொழிலாளருக்கும் இடையே பெரும் இடைவெளி நிலவிற்று. ஆட்சியாளருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவே நின்ற இலிகிதர், தம் மதிப்பை மேலிருந்தே பெற்றார்; கீழிருந்தோரின் துணையை அவர் தேடியது குறைவு.

மேலிருந்த ஆட்சி 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூரிலே வீழ்ந்தது. பிரித்தானியரின் கீழிருந்த இலங்கைக்கும் யப்பானியர் கைப்பற்றிய மலாயாவுக்கும் இடையே தபாலும் காசும் நின்றன. ஊரிலே மனைவியர் செய்தியின்றிக் காத்திருந்தனர். 1942-43 இல் அமைக்கப்பட்ட சயாம்-பர்மாப் புகையிரதப் பாதையிலே ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழரே. நிழல் தந்த மரம் சாய்ந்தபோது அனைவரும் வெயிலுக்கு வந்தனர். ஆயினும் வெயில் அனைவரையும் ஒருபடித்தாய்ச் சுடவில்லை.

மலாயா 1957 இல் சுதந்திரமடைந்தபோது, எந்த நாடு தமது நாடு என்ற வினாவுக்கு விடை கூறவேண்டியதாயிற்று. சிலர் ஊர் திரும்பினர். மலாயாவில் இலங்கையராயிருந்தோர், ஊரில் மலாயாக்காரராயினர். வேறு சிலர் அந்நிலத்தையே தாயகமாக்கினர். 1915 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். இராஜரத்தினம், 1965 இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டு அமைச்சரானார். சம்பளத்துக்காக மட்டும் வாழ்ந்திருந்தால் அவர் அந்நிலைக்கு வந்திரார். அந்நாட்டின் அரசியலைத் தம் பொறுப்பாக ஏற்றமையே அவரை அந்நாட்டவராக்கிற்று எனலாம்.

1983 இன் பின் எம்மவர் மேற்கு நாடுகளுக்குச் சென்றது உத்தியோகத்துக்காக அன்று, பெரும்பாலும் உயிருக்காக. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் வெளிநாடு சென்ற பட்டதாரிகளும் பலர். காரணங்கள் வேறாயினும், மலாயா வரலாறு இவர்கள் அனைவருக்கும் ஒன்றை உணர்த்துகின்றது. சம்பளம் வசதியைத் தரும், உரிமையைத் தராது. அவ்வுரிமை, அந்நாட்டிற் கீழ்நிலையில் உழைப்போரோடும் கைகோத்துத் தேடவேண்டியது. நாளை கடவுச்சீட்டுடன் வரிசையில் நிற்கப்போகும் எம்மிற் பலர், ஊரிலே எழுப்பப்போகும் வீட்டைப் பற்றி எண்ணுமளவுக்கேனும் இதனையும் எண்ணுதல் வேண்டும்.